இலை ஞாயிறு

எங்கள் சபைக்கு ஊரில் வைத்திருக்கிற பெயர் பேய்க்கடை. கூட்டுறவுக் கடைக்கு மேல்மாடியில் கூடுகிறோம், அதனால். கீழே வெண்ணெய், மேலே ஆவி என்று மெதடிஸ்ட் கோயில்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் கோயிலில் குளிருக்கு ஒரு கணப்பு கிடையாது, பிரசங்கம் முடிந்தால் ஒரு வாய் தேநீர் கிடையாது. எங்களிடம் இரண்டும் உண்டு. போதாததற்குப் பெர்த்தா உண்டு.

பெர்த்தா எங்கள் சபைத் தலைவி. ஆயுசில் பாதியை நெசவாலையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் கழித்ததால் காது மந்தம். நாம் பேசினால் கேட்காது, அந்தப் பக்கத்துக்காரர்கள் பேசினால் மட்டும் நன்றாகக் கேட்கும் என்று அவள் எதிரிலேயே கிண்டல் செய்வோம். எங்கள் சபையில் யாரும் சாவதில்லை, அந்தப் பக்கம் போகிறார்கள். செத்தான், இறந்தாள் என்று எங்கள் மாடிப்படியில்கூட ஒருவர் சொல்லிவிட முடியாது. அங்கே போனவர்கள் சில சமயம் திரும்பி நம்மிடம் இரண்டு வார்த்தை பேச வருவார்கள். அதைக் கேட்டுச் சொல்கிறவர்தான் மீடியம். மேடையில் நின்று, "உங்ககிட்ட வரலாமா?" என்று ஒருவரைக் கேட்பார். அவரும் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். ஆமாம், இல்லை, தெரியாது. அதற்கு மேல் ஒன்றும் உளறக் கூடாது. மீடியத்துக்கு எடுத்துக் கொடுப்பது எங்களிடம் பெரிய பாவம்.

பெர்த்தாவும் நல்ல மீடியம்தான். ஆனால் சொந்த ஊரில் மேடை ஏற மாட்டாள். எல்லார் வீட்டுக் கதையும் தனக்குத் தெரியும், அந்தப் பக்கமிருந்து வந்தது எது, மீன்கடை வரிசையில் நின்று கேட்டது எது என்று தனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது என்பாள். அதனால் வாராவாரம் வெளியூரிலிருந்து ஒரு மீடியத்தை வரவழைப்போம். அந்த ஆள் பேருந்திலிருந்து இறங்கியது முதல் மேடை ஏறுகிற வரை வானிலையைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று பெர்த்தா கண்டித்து வைத்திருந்தாள். எங்கள் ஊரில் மழையைப் பற்றி ஒருவர் எவ்வளவு நேரம் பேச முடியும் என்பது வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இலை ஞாயிறைத் தொடங்கி வைத்தவள் என் சிநேகிதி அல்மா. மற்ற சபைகளில் கோடையில் பூ ஞாயிறு நடத்துவார்கள். ஆளுக்கு ஒரு பூவை யாரும் பார்க்காமல் கூடையில் போடுவார்கள். மீடியம் அதை ஒவ்வொன்றாக எடுத்து, கொண்டு வந்தவருக்கு அந்தப் பக்கமிருந்து என்ன வருகிறதோ அதைச் சொல்வார். அல்மா ஒரு கூட்டத்தில் எழுந்தாள். பூவுக்குத் தோட்டம் வேண்டும், ஆலைத் தெருவில் எத்தனை பேருக்கு ஒரு தொட்டி வைக்கவாவது இடம் இருக்கிறது என்று கேட்டாள். இலை என்றால் எல்லாருக்கும் கிடைக்கும், அதுவும் அக்டோபரில் தானாகவே காலடியில் வந்து விழும் என்றாள். அன்று முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு எங்களுக்கு இலை ஞாயிறு.

ஆளுக்கு ஓர் இலைதான். அன்றைக்கு இலை வழியாக வருவதைத் தவிர வேறு செய்தி கிடையாது. அதனால் வருஷத்தில் அந்த ஒரு முறையை எல்லாரும் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். கால்மிதி ஆர்மோனியம் வாசிக்கிற சேத் கிழவர் தன் மகன் சின்ன வயதில் ஊஞ்சல் கட்டி ஆடிய ஓக் மரத்திலிருந்து ஓர் இலை கொண்டுவருவார். மகன் போருக்குப் போய்த் திரும்பாதவன். நான் பிறந்த வீட்டுக் கொல்லையில் ஒரு பிளம் மரம். அதன் இலை என் அம்மாவுக்காக. அம்மா ஒரே ஒரு வருஷம் வந்தாள், வந்தும் என் சமையலைத்தான் குறை சொன்னாள். அது அம்மாதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அல்மாவின் புருஷன் ஹார்ட்லி கற்சுவர் கட்டுகிறவர். சாந்து எதுவும் இல்லாமல், கல்லின்மேல் கல்லாக அடுக்கி மேட்டுநிலம் நெடுக ஓடுகிற சுவர்கள். அவள் எங்கள் படியேறினால் அவர் எதிரே இருக்கிற மதுக்கடையில் உட்கார்ந்து காத்திருப்பார். அவள் இறங்கி வந்ததும், பேய்கள் எல்லாம் சௌக்கியமா என்பார். உன்னை மாதிரி மனுஷங்களைவிட சௌக்கியம் என்பாள் அவள். பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு மலையேறிப் போவார்கள். அவர் எங்களை நம்பியதே இல்லை. அதற்காக அவளை ஒரு ஞாயிறுகூடத் தடுத்ததும் இல்லை.

ஒரு வருஷம் கடற்கரை ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியிலிருந்து அல்மா ஒரு கன்றை மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டு வந்தாள். ஜப்பான் மேப்பிள். இலையுதிர் காலம் வந்தால் ஐந்து விரல் விரித்த இலைகள் ரத்தச் சிவப்பாகிவிடும். எங்கள் காற்றுக்கு இது ஒரு வாரம் தாங்காது, அந்தக் காசுக்கு ஒரு ஆட்டுத்தொடை வாங்கியிருக்கலாம் என்று ஹார்ட்லி திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே அடுத்த நாள் கல் சுமந்து வந்து கன்றைச் சுற்றி ஒரு சுவர் கட்டினார். மேட்டுப் பக்கம் உயரம், சந்துப் பக்கம் தாழ்வு, வெயில் விழ வேண்டுமே. மரம் பிழைத்துக்கொண்டது. பள்ளத்தாக்கு முழுவதிலும் அப்படி ஒரு மரம் அது ஒன்றுதான்.

ஜூன் மாதம் அல்மா அந்தப் பக்கம் போனாள். நெஞ்சுச்சளிதான், நெசவாலைக்காரர்கள் பாதிப் பேருக்கு வருவது. போவதற்கு முன் ஹார்ட்லியிடம் ஒரு வாக்கு கொடுத்தாள். இலை ஞாயிறுக்கு வருவேன், வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வேன், அது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், அது வந்தால் நான்தான் என்று நம்பு. அவ்வளவுதான் வாக்கு.

ஹார்ட்லிக்கு அக்டோபர் வரை பொறுக்கவில்லை. அடக்கம் முடிந்த முதல் ஞாயிறே கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் படியேறி வந்தார். அல்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒரு வாரம் தவறவில்லை. எந்த மீடியம் வந்தாலும் அல்மா மட்டும் வரவில்லை. ஒருத்தர் அவருக்கு மீசை வைத்த ஒரு மாமாவைக் கொண்டு வந்தார். "இல்ல" என்று ஹார்ட்லி போட்ட சத்தத்தில் மாமா வந்த வழியே போயிருப்பார். கூட்டம் முடிந்ததும் நான் கோப்பை கழுவ, அவர் துடைத்து அடுக்குவார். அந்த வாரத்தில் அவர் ஒரு மனுஷரோடு பேசுவது அந்த நேரம் மட்டும்தான். மதுக்கடையை விட்டாயிற்று, வேலைக்கும் போவதில்லை. ஒரு நாள் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், கையில் துணியோடு அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

"இலை ஞாயிறு வரைக்கும் பாப்பேன், டில்லி. அன்னிக்கும் அவ வரலைன்னா எங்கயும் இல்லைன்னு அர்த்தம். அப்புறம் இந்தப் படி ஏற மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான், அந்த வீம்பு எனக்குத் தெரியும். இந்தப் படியும் இல்லையென்றால் அந்தக் குளிர் வீட்டுக்குள் உட்கார்ந்தே அவர் போய்விடுவார்.  அந்த வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். அல்மாவே படுக்கையில் என் காதில் சொன்னாள், உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, நீயும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

எங்கள் பள்ளத்தாக்கில் இலையுதிர் காலம் மேலிருந்து கீழே இறங்கி வரும். முதலில் மேட்டில் பெரணி பழுத்துத் துருப்பிடித்த நிறத்துக்கு வரும். பிறகு ஓடைக்கரை பிர்ச் மரங்கள் மஞ்சளாகும். கடைசியில்தான் வாய்க்கால் ஓரத்து பீச் மரங்கள். காலையில் மூடுபனி ஊரை முழுங்கியிருக்கும், ஆலைப் புகைபோக்கி மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. வேறு ஊர்க்காரர்கள் வசந்தத்தைப் பற்றிப் பாடட்டும். எங்கள் மலை அழகாக இருப்பது வருஷம் சாயப்போகிற இந்த நேரத்தில்தான்.

இலை ஞாயிறுக்கு முந்தின வாரம், கூடத்தை அலங்கரிக்கப் பெரணியும் செம்பழக் கொத்துகளும் வெட்ட நானும் பெர்த்தாவும் மலையேறினோம். வடக்கிலிருந்து வந்த பறவைக் கூட்டம் முள்மரங்களில் இறங்கிப் பழத்தை மொய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதையெல்லாம் பார்க்கிற மனசே இல்லை. சத்தியத்தை அவிழ்த்தேன். அந்த வார்த்தை எனக்குத் தெரியும் என்றேன். பெர்த்தா பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை போலும் என்று இன்னொரு தடவை கத்தினேன்.

"கேட்டுது. அந்த ஆடுங்களுக்கும் கேட்டுது."

இந்த இலை ஞாயிறுக்கு மலைக்கு அப்பாலிருந்து மிஸஸ் கிளெக் என்ற மீடியம் வருகிறாள். பேருந்து நிறுத்தத்தில் நானே போய் அழைத்து வருகிறேன், வரும் வழியில் காதில் ஒரே ஒரு வார்த்தை போட்டுவிடுகிறேன், யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். ஒரு ஜீவன் பிழைக்குமே என்றேன். பெர்த்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவளுக்கு ஒரு பக்க இடுப்பு சரியில்லை.

"பொழைக்கும். அடுத்த வாரமும் பொழைக்கும். என்னிக்காவது ஒரு நாள் அவருக்குத் தெரிய வரும்ல? அன்னிக்கு அல்மா செத்துப்போவா, டில்லி. நெசமாவே செத்துப்போவா. நாம கொன்னதா இருக்கும்."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.  ஆனாலும் நான் விடவில்லை, அப்போ அவள் வராமலே போனால் என்ன செய்வது என்று மல்லுக்கு நின்றேன்.

"வரலைன்னா வரலைன்னு சொல்லுவோம். வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

கீழே இறங்கும்போது ஒரு கிளையை வளைத்து என் மூக்குக்கு நேராகக் காட்டினாள். இலை உதிர்ந்த இடத்தில் அடுத்த வருஷத்து மொட்டு இறுக்கமாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இலை விழுந்த பிறகு மொட்டு வருவதில்லை, மொட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் இலை விழுகிறது, ஜனங்கள் மாற்றி நினைத்துக்கொண்டு அழுகிறார்கள் என்றாள். இதைத்தான் இலை ஞாயிறு அன்று பேசப் போகிறாளாம். எனக்கு இருந்த கோபத்தில் மொட்டாவது மண்ணாங்கட்டியாவது. அவளை விட்டுவிட்டு வேகமாக முன்னால் இறங்கிப் போனேன்.

ஆனால் மிஸஸ் கிளெக் காதில் சொல்லும் எண்ணம் அன்றோடு போயிற்று. பெர்த்தா சொன்னது மனசுக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

வேறு ஒன்று தோன்றியது. ஹார்ட்லி இருக்கிற வீம்புக்கு அல்மாவின் மரத்து இலையைக் கொண்டுவர மாட்டார். மீடியத்துக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று எங்களைவிடக் கண்டிப்பாக இருந்தார், கண்ணில் பட்டது எதையாவது பொறுக்கி வருவார். அப்படியானால் அல்மா எதைப் பிடித்துக்கொண்டு வருவாள்? அவள் கைபட்ட மரத்து இலை ஒன்று கூடையில் கிடந்தால் அவளுக்கும் வழி தெரியுமே. நான் வாயைத் திறக்கப் போவதில்லை, இலைக்கு வாய் கிடையாது. அம்மாவின் பிளம் மரம் இந்த வருஷம் சும்மா இருக்கட்டும், அம்மா வந்தாலும் என் சமையலைத்தான் சொல்லப் போகிறாள் என்று முடிவு கட்டினேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் ஹார்ட்லி வீட்டுச் சந்துக்குப் போனேன். மூடுபனி நல்லதாகப் போயிற்று. சுவரின் தாழ்ந்த பக்கம் எக்கி, ஓர் இலையைக் கிள்ளி, பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, இந்த வயதில் ஓட்டமாக ஓடி வந்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டுறவுக் கடை வரிசையில் ஹார்ட்லி முன்னால் நின்றார். கல்லாவில் இருந்தவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். எவனோ தன் சுவரில் கை வைக்கிறானாம், மேல்கல் தினம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதாம், மரத்தில் சந்துப் பக்கக் கிளை மொட்டையாகிவிட்டதாம். பள்ளிக்கூடத்துப் பிசாசுகள்தான், கையும் களவுமாகப் பிடித்தால் தோலை உரிப்பேன் என்றார். நான் சோப்புக்கட்டியின் மேலட்டையை உன்னிப்பாகப் படித்தேன். வரிசையே கப்சிப் என்று நின்றது. அப்போது அது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. ஓர் இலை கிள்ளினதற்கு ஒரு கிளை எப்படி மொட்டையாகும் என்றாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. ஜன்னல்களில் பெரணி, மேடை ஓரமெல்லாம் செம்பழக் கொத்து, கணப்பில் நல்ல நெருப்பு. வாசலில் கூடை, கூடைமேல் கறுப்புத் துணி. ஒவ்வொருவரும் துணிக்கு அடியில் கையை விட்டுத் தன் இலையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். ஹார்ட்லி கல்யாணக் கோட்டில் வந்தார், முகம் சவரம் செய்திருந்தது, தாடையில் ஒரு வெட்டு. அவர் கை துணிக்கு அடியில் போய் வந்ததை நான் பார்த்தேன். மிஸஸ் கிளெக் கூப்பிட்ட பிறகுதான் பின்னறையிலிருந்து வந்தாள். குட்டையான, பருத்த பெண்மணி, காலில் ரப்பர் பூட்ஸ். ஒரு மீடியத்துக்கு உண்டான பந்தா எதுவும் இல்லை.

சேத் ஆர்மோனியத்தை மிதித்தார், பாடினோம். பெர்த்தா எழுந்து மொட்டைப் பற்றிப் பேசினாள். மலையில் எரிச்சலாக இருந்த அதே பேச்சுதான், அன்றைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டேன். மரத்துக்குப் பயம் கிடையாது, தான் கையை விடும்போது என்ன மிச்சம் வைத்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியும் என்றாள். எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் தெரிந்தவள். இப்படிப் பேச அவளுக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு வருஷமும் நான் வாய் பிளந்து கேட்பேன்.

பிறகு கூடையை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். பெர்த்தா துணியை எடுத்து, கூடையைப் பெரிய தட்டில் கவிழ்த்தாள்.

தட்டு முழுக்கச் சிவப்பு. ஐந்து விரல், ஐந்து விரல், ஐந்து விரல். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தது. ஓக் இலை எங்கே, வேறு இலைகள் எங்கே? அத்தனை பேரும் ஒரே மரத்தைக் கிள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். முகத்தில் ஈயாடவில்லை யாருக்கும். ஆளாளுக்குத் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

மிஸஸ் கிளெக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓர் இலையை எடுத்தாள், கண்ணை மூடினாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். இவை எல்லாம் ஒரே மரம், கொண்டுவந்த கைகள்தான் வேறு வேறு, யாருக்கு எது என்று தனக்குப் பிரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னாள். குவியலைக் கிளறினாள். அடியில் வேறு மாதிரி இலை ஒன்று அகப்பட்டது. பேருந்து நிறுத்தத்து மரத்தின் பழுப்பு இலை. பாதி அழுகியிருந்தது, மேலே யாரோ மிதித்த தடம் வேறு. இதைக் கொண்டு வந்தது யார் என்று கேட்டாள்.

"நான்தான்" என்றார் ஹார்ட்லி.

"உங்ககிட்ட வரலாமாங்க?"

"வாங்க."

அவள் அந்த இலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். கணப்பில் கரி சரிகிற சத்தம் கேட்டது. அல்மா, வந்து தொலையேண்டி என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் நாக்கு நுனியில் அந்த வார்த்தை நின்றது. முதல் எழுத்தைச் சொல்லி ஒரு இருமல் இருமினால்கூடப் போதும். பெர்த்தாவைப் பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மிஸஸ் கிளெக் கண்ணைத் திறந்தாள்.

"ஐயா, எங்கூட யாருமே இல்லீங்க. எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்துட்டேன். உங்க மூஞ்சியப் பாத்தா ஏதாவது சொல்லணும்போலதான் இருக்கு. இல்லாதத சொல்ல எனக்கு வாய் வரல. மன்னிச்சுக்கங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு முழுக் கூடத்துக்கு முன்னால், விருந்தாளியாக வந்த இடத்தில், தன்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு மீடியத்துக்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்று வெளியாளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கன்னத்தில் ஒன்று வைக்கவும் தோன்றியது.

ஹார்ட்லி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்கு மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேசைப் பக்கம் வந்தவர் நின்றார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தட்டு தெரிந்திருக்காது. இப்போதுதான் பார்க்கிறார். ஓர் இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், இன்னொன்றை எடுத்தார்.

"இது என் மரம்" என்றார். "யாரு பண்ணது?"

 ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து சேத் மெல்லக் கையைத் தூக்கினார். ஹார்ட்லி அவரையே பார்த்தார்.

"உன் ஓக் இலை எங்க சேத்? உன் பையனுக்குக் கொண்டு வர்றது?"

"இந்த வருஷம் எடுக்கல."

"ஏன்?"

"அவன் பொறுத்துக்குவான்ப்பா. உனக்குத்தான் அவசரம்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, முந்தானை மாதிரி மேலங்கி விளிம்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் கையைத் தூக்கினேன். முன்வரிசை தூக்கியது, பின்வரிசை தூக்கியது. வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கிற தங்கள் முறையை, தங்கள் மகனுக்கும் அம்மாவுக்கும் புருஷனுக்கும் வைத்திருந்ததை, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே அந்த மனிதருக்காக விட்டிருந்தார்கள். விட்டதால்தான் அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை என்றும் சொல்லலாம். எங்களைத் தவிர வேறு யாரால் இப்படி ஒரு குளறுபடி செய்ய முடியும்?

கடைசியாகப் பெர்த்தாவும் கையைத் தூக்கினாள். தலைவி இலை போடுகிற வழக்கமே கிடையாது.

"அந்த மேல்கல்ல தள்ளினது நீங்களா?" என்றார் ஹார்ட்லி.

"ஏற முடியல. இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்றாள் பெர்த்தா.

யாரோ சிரித்துவிட்டார்கள், எல்லாருமே சிரித்தார்கள். ஹார்ட்லி மட்டும் சிரிக்கவில்லை. போகவும் இல்லை. மிஸஸ் கிளெக் பாவம், இறுதிப் பாட்டைப் பாடச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கோப்பை தேநீராவது கொடுப்பீர்களா என்று கேட்டாள்.

தேநீர் நேரத்தில் ஹார்ட்லி வழக்கம்போல் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் ஒரே கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டில்லி, அந்த வார்த்தை உனக்குத் தெரியுமா? அல்மா சொன்னாளா?"

 அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம், எனக்கு மட்டும் சொன்னாள், சத்தியம் வாங்கினாள் என்றேன். பின்னால் யாரோ செருமினார்கள். சேத்.

"எனக்கும் சொன்னா. எனக்கு மட்டும்னு சொன்னா."

தட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி எனக்கும் என்றாள். அவள் தங்கையும் அதையே சொன்னாள். பெர்த்தா வந்து நின்று, போன மே மாசமே தனக்குச் சொல்லியாயிற்று என்றாள். மலையில் நான் பெரிதாக ரகசியம் அவிழ்த்தபோது அவள் பாட்டுக்குப் பெரணி வெட்டிக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அல்மாவுக்கு எப்போதுமே ஓட்டை வாய். நல்ல மனசு, மகா ஓட்டை வாய்.

ஹார்ட்லியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். பிறகு மெல்ல அது அடங்கிற்று. துணியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"அப்போ இத்தன நாளா உங்க எல்லாருக்கும் தெரியும். வாராவாரம் நான் வந்து அங்க உக்காந்திருந்தேன். யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்."

"நம்பியிருப்பீங்க" என்றாள் பெர்த்தா.

"ஏன் சொல்லல?"

"அது அவ சொல்ல வேண்டியது, ஹார்ட்லி. எங்களோடது இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரோ ஒரு கோப்பையை அவர் கையில் கொடுத்தார்கள். குடித்து முடித்தார். அந்தத் துணியை நான் எடுக்கப் போனபோது, வை, மிச்சத்தை நான் துடைக்கிறேன் என்றார். அப்புறம் பெர்த்தாவின் காது மந்தம் என்று தெரிந்து உரக்கவே கேட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை யார் வர்றாங்க?"

இது நடந்து மூன்று இலையுதிர் காலம் ஆகிவிட்டது. ஹார்ட்லி இப்போது எங்கள் கணப்புக்குக் கரி போடுகிறார், அவர் வீட்டு அடுப்பும் எரிகிறது. இலை ஞாயிறு தோறும் அவரே தன் மரத்திலிருந்து ஓர் இலை கொண்டுவருகிறார். மேல்கல் நகர்ந்தால் தோலை உரிப்பேன் என்று முன்கூட்டியே எல்லாரையும் எச்சரித்துவிடுவார். அல்மா இன்னும் வரவில்லை. வருவாள் என்கிறார். வந்தால் அது அவள்தான் என்று தனக்குச் சந்தேகமே இருக்காது, இந்தக் கூடத்தில் ஒருவரும் அவளுக்கு முந்திக்கொள்ள மாட்டார்கள் என்கிறார்.

அந்த வார்த்தை என்னவென்று உங்களுக்கும் கேட்கத் தோன்றும். நான் சொல்ல மாட்டேன். அவர் இன்னும் காத்திருக்கிறார்.